பாசிக்குடா அல்பமும் அறுபத்து நாலு வயதுக் கல்யாணமும்

மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 64. கணவர் விவசாயி, 2019இல் இறந்துவிட்டார். மூத்த மகள் அடுத்த ஒழுங்கையில் தன் சீதன வீட்டில் இருக்கிறார். இளைய மகள் அக்கரைப்பற்றில் வாடகை வீட்டில். மகன் கனடாவில், ரொறன்ரோவில்.

கணவர் இருந்த காலத்தில் இவர்களும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து வான் பிடித்துப் பயணம் போவது வழக்கம். அந்த வீட்டுக்காரர் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்ததும் மூன்று ஓகஸ்ட் விடுமுறைகள் தொடர்ந்து போயிருக்கிறார்கள்: பாசிக்குடா, உல்லை, உகந்தை, ஒருமுறை கன்னியா வெந்நீர்க் கிணறு. 2004 டிசம்பரில் கடல் கல்லடி வீட்டுக்குள் வந்தபோது அல்பம் எல்லாம் போய்விட்டது. புளியந்தீவில் இருந்த தபாலதிபர் வீட்டில் மட்டும் அந்தப் பயணப் படங்களும் நெகடிவ்வும் தப்பின. அவரும் இப்போது மனைவியை இழந்தவர், வயது 67. பழைய படங்களைப் பார்க்கவென்று ஒரு பின்னேரம் போனதில் இந்த உறவு தொடங்கியிருக்கிறது.

கடிதத்தில் பாதி சிரிப்பு. "இருபது வயதில் காதல் என்றால் கடிதத்தை ஒளித்துவைப்பது. இந்த வயதில், நான் எங்கேயோ வைத்த மூக்குக்கண்ணாடியை அவர் தேடித் தருவது" என்று எழுதுகிறார். "வடையைப் பிய்த்து, கருகின பக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிற ஆளை விடக்கூடாது" என்கிறார். போன ஓகஸ்டில் பாசிக்குடாவில் இருவரும் கணுக்கால் தண்ணீரில் நிற்பதைப் பேரன் படம் எடுத்து, "அம்மம்மாவும் போய்ஃபிரெண்டும்" என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான். அதோடு சிரிப்பு நின்றது.

மகன் தொலைபேசியில் நாலு விஷயம் சொல்லியிருக்கிறார். கல்யாணம் செய்தால் அம்மாவின் பென்சன் நிற்கும். அப்பாவின் வயல் அந்த ஆளுக்குப் போகும். வீடும் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே கட்டாயம் என்றால் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டு, பதியாமல் இருங்கள். மூத்த மகள் சட்டம் ஒன்றும் கதைக்கவில்லை. "அப்பா எங்களுக்கு நீந்தப் பழக்கின தண்ணி அது. அதுக்குள்ள வேற ஆளோட நிக்காதீங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளைச் சமாதானப்படுத்த, கல்யாணத்துக்கு முதலே லாஸ்ட் வில் (மரணசாசனம்) எழுதி எல்லாவற்றையும் அவர்கள் பெயருக்கு வைத்துவிடலாமா என்று கேட்கிறார். வருகிற ஓகஸ்ட் இரண்டு குடும்பமும் மறுபடி ஒரே வானில் போகலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள டீச்சருக்கு,

இந்த வயதில் இப்படி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தேடித் தருகிறவரா, கருகின பக்கத்தை எடுத்துக்கொள்கிறவரா என்று பார்ப்பது நல்ல அளவுகோல், அதை விட்டுவிடாதீர்கள். சட்டம் கல்யாணத்துக்கு 18 வயது என்ற கீழ் எல்லையைத்தான் வைத்திருக்கிறது, மேல் எல்லை கிடையாது. பிள்ளைகளின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பது பதிவைத் தடுக்கும் காரணமும் இல்லை. ஆனால் உங்களுக்கு அந்தச் சம்மதம் வேண்டும் என்பது கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

உங்கள் வீட்டில் இரண்டு பயங்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. மகனுடையது சொத்தைப் பற்றிய பயம். அதைக் கடதாசியால் தீர்க்கலாம், வேலைகளைச் சரியான வரிசையில் செய்தால். மகளுடையது அப்பாவைப் பற்றியது. எந்தக் கடதாசியும் அதைத் தீர்க்காது. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டும் மோசமாகும். "உங்களுக்கு வீடு எழுதித் தருகிறேனே" என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவர் இன்னும் அழுவார்.

பென்சன்

மகன் சொன்னது பிழை. நீங்கள் எடுப்பது உங்கள் ஆசிரிய சேவைக்கான சொந்த ஓய்வூதியம். மறுமணம் அதைத் தொடாது. கணவர் அரச ஊழியராக இருந்து, அவருக்காக விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் எடுக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. அந்தப் பென்சனை மறுமணம் பாதிக்கும். அப்படியானவர்கள் பதிவுக்கு முன் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மகன் யாரோ ஒருவரின் கதையைக் கேட்டு உங்களுக்குப் பொருத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். தபாலதிபரின் பென்சன் விஷயத்தில் ஒன்று: அவர் ஓய்வுபெற்ற பிறகு நடக்கிற கல்யாணம் இது. அவருக்குப் பின் அவர் பென்சன் உங்களுக்கு வரும் என்று கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள்.

நாவிதன்வெளி வயல்

இதில்தான் மிகவும் கவனம் தேவை. கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: "அவர் பெயரில் கிடைத்த இரண்டு ஏக்கர் பெர்மிட் காணி, பிறகு அளிப்புப் பத்திரமும் வந்தது, இப்போது குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன்."

அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் (1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கம்) கீழ் வந்த அரச காணி. தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணிக்கு உள்ள வாரிசுச் சட்டம் இதற்கு இல்லை. பெர்மிட்டாக இருந்தாலும் அளிப்பாக இருந்தாலும், உரியவர் இறந்ததும் வாழ்க்கைத்துணை உரித்தாகிறார். ஆனால் கணவர் உயிரோடு இருக்கும்போது உங்களைப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணிக்கு உரியவராக, பெயர் குறித்துப் பதியாமல் இருந்தால், உங்கள் உரித்துக்கு நிபந்தனைகள் உண்டு. விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. அடுத்தவரைப் பெயர் குறிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால், அந்தக் கல்யாணத் திகதியோடு உங்கள் உரித்து முடிகிறது. கணவர் பெயர் குறித்த ஆளுக்கு, அப்படி யாரும் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணை வரிசைப்படி உறவினர் ஒருவருக்கு, காணி போகும்.

மகன் பயந்தது போல் வயல் தபாலதிபருக்குப் போகாது. நட்டம் உங்களுக்குத்தான்: பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வரும் குத்தகைக் காசு நிற்கும். இன்னொரு சிக்கல், இந்தக் காணிகளைத் துண்டு துண்டாகப் பிரிக்க விடமாட்டார்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கே போகலாம். மற்ற இருவரும் அதைக் கல்யாணத்தின் கணக்கில் எழுதுவார்கள்.

உங்களைக் கணவர் முறைப்படி பின்னுரித்தாளராகக் குறித்திருந்தால் மறுமண நிபந்தனை உங்களைக் கட்டாது. அதனால் முதல் வேலை இதுதான். நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு அளிப்புப் பத்திரம், கணவரின் மரணச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றோடு போய், காணிப் பேரேட்டில் பின்னுரித்தாளர் யார் என்று பாருங்கள். அளிப்பு என்றால் அந்தப் பெயர்குறிப்புக் காணிப் பதிவகத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பதிலோடு திரும்பி வராதீர்கள். கோரிக்கைக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி, எழுத்தில் பதில் கேளுங்கள். குத்தகைக்கு அனுமதி எடுத்தீர்களா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத குத்தகை தனிப் பிரச்சினை.

பெயர் உங்களுடையது என்றால், உங்களுக்குப் பின் வருகிறவரை நீங்கள் குறிக்கலாம். அதிலும் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: கல்யாணம் செய்து, உங்களுக்குப் பின் தபாலதிபர் உயிரோடு இருந்தால் காணியை அனுபவிக்கும் உரித்து முதலில் அவருக்கு வரும், அதே நிபந்தனைகளோடு. அவருக்குப் பிறகே நீங்கள் குறித்த பிள்ளைக்கு. இதை மரணசாசனத்தில் எழுதி மாற்ற முடியாது. இந்தக் காணியில் பெயர்குறிப்புத்தான் செல்லும்.

வீடும் வைப்புப் பணமும்

கல்லடி வீடு உங்கள் தாயார் உங்களுக்குச் சீதனமாக எழுதிய உறுதி வீடு. அது முழுக்க உங்களுடையது. மறுமணம் செய்த நாளில் அதில் பாதி கணவருக்கு ஆகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது சரியல்ல. நம் பகுதித் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். அதில் கல்யாணம் ஆனாலும் அவரவர் சொத்து அவரவருக்கே. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் நமக்கு இல்லை. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட ஆணை முடிக்கிற பெண், கல்யாணம் நீடிக்கும்வரை அதற்கு உட்படுவார். தபாலதிபர் தம்பிலுவில்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். தகப்பன் வழியில் யாழ்ப்பாணத் தொடர்பு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இருந்தால் நான் கீழே எழுதுவது மாறும்.

மகனின் பயத்துக்கு அடிப்படை, இறப்புக்குப் பின் நடப்பதில் இருக்கிறது. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத்துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் மறுமணம் செய்து ஒன்றும் எழுதாமல் இறந்தால், கல்லடி வீட்டில் அரைவாசி தபாலதிபருக்கு, உங்கள் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. அவருக்குப் பின் அந்த அரைவாசி அவருடைய பிள்ளைகளுக்கு. மகன் சொன்னதில் பாதி சரி என்பது இதனால்தான்.

இதே கணக்கு 2019க்கும் பொருந்தலாம். கணவரின் பெயரில் வங்கியில் இருந்த பணத்தை முழுவதும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். உதாரணத்துக்கு அது 12 இலட்சம் என்றால், 6 இலட்சம் உங்களுடையது. 2 இலட்சம் வீதம் மூன்று பிள்ளைகளுடையது. அவர்கள் இதுவரை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முதலே அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள், அல்லது தங்களுக்கு வேண்டாம் என்று அவர்களே எழுதித் தரட்டும். அப்பாவின் காசு அம்மாவின் புது வீட்டுக்குள் போனது என்ற பேச்சு ஒருநாளும் எழக்கூடாது.

இனி உங்கள் யோசனை. கல்யாணத்துக்கு முதலே மரணசாசனம் எழுதிவைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதியவர் கல்யாணம் செய்தால் அதற்கு முதல் எழுதிய மரணசாசனம் ரத்தாகிவிடும். நீங்கள் எழுதி, பிள்ளைகளுக்கும் காட்டி, அவர்களும் நம்பி, பிறகு பதிந்தால், அந்த நாளே அது வெறுங்கடதாசி. எல்லாரும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கையில் பாதி வீடு அவருக்குப் போகும். இப்படியான குடும்பங்களில் பின்னர் வரும் வழக்குகளுக்கு ஏமாற்று எண்ணத்தைவிட இந்த வரிசைப் பிழைதான் காரணமாகிறது.

எனவே முதலில் பதிவு, பிறகு மரணசாசனம். அதே வாரத்திலேயே செய்யலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடும் செல்லும். நொத்தாரிசு வழியே நல்லது. சொத்துப் பெறப்போகிற யாரையும் சாட்சியாக வைக்க வேண்டாம். அன்றைய திகதியில் நல்ல நினைவோடு இருந்தீர்கள் என்று உங்கள் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி உடன் வையுங்கள், பின்னால் வரும் வாதத்துக்கு அது உதவும். நம் சட்டத்தில் உங்கள் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுத உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. வீட்டை இளைய மகளுக்கு எழுதுங்கள், ஆனால் தபாலதிபருக்கு அதில் குடியிருக்கும் உரிமையைக் குறிப்பிடுங்கள்: அவர் ஆயுள்வரை, அல்லது ஆகக் குறைந்தது ஒரு வருடம். இதை நான் வற்புறுத்துகிறேன். நம் ஊர் வழக்கப்படி அவர்தான் உங்கள் வீட்டுக்கு வந்து இருக்கப்போகிறார். நீங்கள் முந்திப் போனால், எண்பது வயதில் பெட்டியோடு வாசலில் நிற்கும் நிலை அவருக்கு வரக்கூடாது. அவர் தன் புளியந்தீவு வீட்டுக்கு இதே போல் ஒன்று எழுதட்டும், உங்களுக்கு வேறொரு நொத்தாரிசு, அவருக்கு வேறொருவர் என்று.

இளைய மகள் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "அம்மா மரணசாசனத்தை எப்போதும் மாற்றலாமே" என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. அப்போது நன்கொடை உறுதி ஒரு வழி. உங்கள் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு வீட்டை இப்போதே அவருக்கு எழுதலாம். கல்யாணம் அதைக் கலைக்காது. மகள் அதை ஏற்று ஒப்பமிட வேண்டும். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். மீட்கமுடியாத நன்கொடையை, பெற்றவர் பாரதூரமான நன்றிகேடு செய்தால் மட்டும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போய் மீட்கலாம். அது சுலபமான வேலை அல்ல. நாளைக்கு ஒரு பெரிய சத்திரசிகிச்சை வந்து வீட்டை ஈடுவைக்க நேர்ந்தால் கை கட்டப்பட்டிருக்கும். சீவிய உருத்து உங்கள் மூச்சோடு முடிவதால், தபாலதிபரின் குடியிருப்பு உரிமையையும் அதே உறுதியில் எழுதாவிட்டால் அவர் நிலையும் அந்தரம். எனக்கு மரணசாசனம்தான் பிடிக்கிறது. 64 வயதில் உங்களுக்கு முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன, கையில் வீடு இருக்கட்டும்.

வங்கிக் கணக்குகளில் நியமனதாரராக இன்னும் இறந்த கணவரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் அதை மாற்ற மறந்துவிடுவார்கள்.

பதியாமல் தாலி

மகன் இதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார். பதிவு என்பது கல்யாணத்துக்கு மிகச் சிறந்த சான்று. ஆனால் முறைப்படி, உறவினர் முன் நடந்த வழக்காற்றுக் கல்யாணம், பதியாவிட்டாலும் சட்டத்தில் கல்யாணமாகலாம். ஊரறியக் கணவன் மனைவியாக நீண்டகாலம் வாழ்ந்தாலே கல்யாணம் நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்கவும் இடம் உண்டு. ஆகவே மாமாங்கக் கோயிலில் தாலி கட்டினால், வயலின் நிபந்தனையும் வாரிசுரிமையும் மரணசாசனம் ரத்தாவதும் எல்லாமே வந்து சேரலாம். சான்று மட்டும் கையில் இருக்காது. இருபது வருடம் கழித்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் நின்று, அன்று கோயிலில் நடந்தது கல்யாணமா வெறும் பூசையா என்று ஐயரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த நிலைக்கு உங்கள் பெயரை விடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் இரண்டு வழிதான். பதிந்து செய்வது ஒன்று. கல்யாணம் இல்லாமல், அவரவர் வீட்டில் இருந்துகொண்டு, கோயிலுக்கும் கடற்கரைக்கும் சேர்ந்து போய்வரும் நண்பர்களாக இருப்பது மற்றது. இரண்டாவது குறைந்தது அல்ல. வயல் பெயர்குறிப்பு உங்கள் பெயரில் இல்லை, குத்தகைக் காசு இல்லாமல் சமாளிக்கவும் முடியாது என்றால், அதுவே புத்தியான வழியாகவும் இருக்கலாம். அப்போது ஒருவர் சொத்தில் மற்றவருக்குத் தானாக வரும் பங்கு இல்லை, பராமரிப்புக் கேட்கும் உரிமையும் இல்லை. கொடுக்க விரும்புவதை மரணசாசனத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பதிவதானால், உங்கள் பிரிவின் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் வேறு வேறு பதிவாளர் பிரிவில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். இருவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முந்திய துணைகளின் மரணச் சான்றிதழ் தேவை. அறிவித்தல் பதிவாகி 12 நாள் கழிந்த பின்பு, 3 மாதத்துக்குள், இரண்டு சாட்சிகள் முன் பதியலாம். அவசரத்துக்கு விசேட அனுமதி உண்டு. உங்களுக்கு அவசரம் இல்லை.

அல்பம்

இது சட்டம் அல்ல. ஆனாலும் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு 2004க்கு முந்திய அப்பா இந்த உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறார். அந்த வீடு, அவர்கள் கோபப்படுகிற மனிதருடையது.

அந்தப் படங்கள் பிள்ளைகளின் கைக்குப் போகட்டும், கல்யாணப் பேச்சுக்கு முதலே, நிபந்தனை இல்லாமல். "பார்த்தீர்களா, அவர் எவ்வளவு நல்லவர்" என்ற சொல் கூடவே போகக்கூடாது. போனால் அது விலையாகிவிடும். அப்பாவின் படத்துக்கு விலை கேட்டதாக மகள் உணர்ந்தால் பிறகு திருத்த முடியாது.

கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் இடையில் இருக்கிற உப்புக்காற்றும் மாரி ஈரமும் இருபது வருடப் படத்தில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஒட்டும் தாள் அல்பமாக இருந்தால் படத்தை இழுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற, மெழுகு பூசாத நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, மெதுவாக அறுப்பது போல் நகர்த்துங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைக் கழற்றாமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். ஈரத்துணியால் துடைப்பதும் லமினேற் பண்ணுவதும் கூடாது. படத்துக்கு 600 டிபிஐ போதும். நெகடிவ் இருப்பது பெரிய அதிர்ஷ்டம்; நெகடிவ் எடுக்கும் ஸ்கேனர் உள்ள ஸ்டூடியோவில் 2400 டிபிஐக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள், மங்கின படத்தில் இல்லாத நிறம் அதில் இருக்கும். கோப்புகளை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது மூன்று பென்டிரைவில் போட்டுப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுங்கள். கனடாவில் ஒரு பிரதி இருப்பது நல்லது. கடல் இனி அங்கே வராது.

யார், எந்த இடம், எந்த வருடம் என்று எழுதிவையுங்கள். கலர்ப் படத்தின் பின்பக்கத்தில் பென்சில் பிடிக்காது, பேனா மறுபக்கம் அடிக்கும்; ஆகவே கடதாசி உறையில் எழுதி உள்ளே படத்தை வையுங்கள். எல்லாப் பெயர்களும் உங்களுக்கு ஞாபகம் வராது. வானில் யார் சத்தி எடுத்தது, உகந்தையில் யார் செருப்பைத் தொலைத்தது என்பதெல்லாம் மகளுக்குத்தான் தெரிந்திருக்கும். மகளிடம் கேளுங்கள், எழுதட்டும். அப்பாவைப் பற்றி உங்கள் வீட்டில் ஆறேழு வருடமாகப் பேசாத பேச்சு அந்த உறைகளின் மேல் நடக்கலாம்.

பாசிக்குடாவைப் பொறுத்தவரை, மகள் கேட்டது சரி என்பதே என் எண்ணம். நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அந்த ஆழமில்லாத தண்ணீர் அவருக்கு அப்பாவின் இடம். மறுபடி போகிற முதல் தடவை நீங்களும் மகளும் மட்டும் போங்கள். நவம்பர் தொடங்கினால் வாடைக்கடல் கொந்தளிக்கும். அதற்கு முந்திய மாதங்கள் நல்லது. அப்பாவைப் பற்றிக் கதைக்கவென்றே போங்கள், தபாலதிபர் பற்றி அன்று வாய் திறக்க வேண்டாம். ஓகஸ்ட் வானுக்குப் புது இடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், இரண்டு குடும்பமும் முன்பு சேர்ந்து போகாத இடம். குடும்பிமலைப் பக்கம் போகலாம். அங்கே யாருடைய பழைய நிழலும் யார் மேலும் விழாது. உங்கள் வடைப் பகிடிகளுக்கும் இடம் இருக்கும். பேரனுக்கு, படம் போட முன் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஏசாதீர்கள். அந்த வீட்டில் சந்தோசமாக அதைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

மகனோடு கதைக்க, கோடைகாலத்தில் நம் காலை 6.30 நல்ல நேரம். அங்கே முந்திய இரவு 9 மணி, வேலை முடிந்து பிள்ளைகளும் படுத்திருப்பார்கள். மாமன், சித்தப்பாவைக் கூட்டி வைத்துக் கூட்டம் போடாதீர்கள். நாலு விஷயத்தையும் கடதாசியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலை எழுதி, வயல் விஷயத்தில் அவர் சந்தேகப்பட்டது வீண் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். தன் கவலையை அம்மா ஒதுக்கிவிடவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதைக் கேட்பார். தபாலதிபரின் பிள்ளைகளுக்கும் இதே பயங்கள் இருக்கும். அவர்களிடம் அவர்தான் கதைக்க வேண்டும், நீங்கள் அல்ல.

பதிவுக்கு முதல் நீங்கள் இருவரும் ஒருவர் கிளினிக் கொப்பியை மற்றவருக்குக் காட்டுங்கள். நோய்கள், குளிசைகள், ஒவ்வாமை, கடன், பிணை நின்ற கையெழுத்துகள், எல்லாம். இந்த வயதில் காதல் ஆபத்தில்லாத விளையாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மற்றவரைக் குளிப்பாட்டிச் சோறூட்ட வேண்டிய காலம் இளம் தம்பதியரைவிட உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை இருவரும் வாய்விட்டுக் கதைத்த பிறகும் சிரிக்க முடிந்தால், பதிவாளரிடம் தைரியமாகப் போங்கள்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது வீட்டு உறுதியும் அதன் முன்னுறுதியும், அளிப்புப் பத்திரமும் நாவிதன்வெளியின் எழுத்துப் பதிலும், கணவரின் மரணச் சான்றிதழும், 2019இல் வங்கியில் எடுத்த பணத்தின் கணக்கும் கொண்டுபோங்கள். கட்டணம் கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் முதலில் விசாரிக்கலாம். வயலின் பதில் கைக்கு வரும்வரை கல்யாணத் திகதி குறிக்காதீர்கள்.